வெள்ளை வீல் சொல்லும் சேதி

குமுளி மலையிறங்கி லோயர் கேம்ப் வரும் பைக்கின் வெள்ளை அலாய் வீலைப் பாருங்கள். முன்வீலில் டிஸ்க் பக்கமாகச் சாம்பல் பூத்திருந்தால் அது பிரேக் பேட் தேய்ந்த தூள். ஓட்டியவர் இறக்கம் முழுக்க பிரேக்கைப் பிடித்தே வந்திருக்கிறார். பின்வீல் ரிம்மில் கறுப்புப் புள்ளிகள் தெறித்திருந்தால் செயினுக்கு எண்ணெய் கூடுதல். கறுப்பு வீல் இதையெல்லாம் மறைத்துவிடும்; துடைத்து வைத்த வெள்ளை வீல்தான் காட்டிக்கொடுக்கும். அதனால் வெளிர்நிற வீலைத் துடைப்பதை வெறும் அழகு வேலை என்று ஒதுக்க முடியாது.

முல்லைப்பெரியாற்றுத் தண்ணீர் பாயும் கம்பம் பள்ளத்தாக்கில் நடவுக் காலத்தில் வயல் சேறு, மற்ற நாளில் செம்மண். இன்று துடைத்தால் நாளை அழுக்கு, எதற்கு இந்தப் பாடு என்பார்கள். சேறு ஒரு பிரச்சினையே இல்லை, தண்ணீரில் கரைந்துவிடும். சூட்டோடு ஒட்டிய பிரேக் தூள்தான் நாள்பட்டால் பெயின்டைக் கடிக்கும். வாட்டர் சர்வீஸ் போதாதா? அந்த வேகத் தண்ணீர் எண்ணெய்ப் பிசுக்கை முழுதாக எடுக்காது. பேரிங் பக்கம் பீய்ச்சினால் கிரீஸுக்கும் கேடு. வண்டியை நிழலில் நிறுத்தி, வீல் ஆறியபின், ரிம்மும் ஸ்போக்கும் சேரும் மூலைகளை ஷாம்பு தண்ணீர் தொட்ட பழைய டூத் பிரஷ்ஷால் தேய்ப்பதே சரி. செயின் பிசுக்குக்குத் துணியில் தொட்ட மண்ணெண்ணெய் போதும்; டிஸ்க்கிலும் டயரிலும் அது படவே கூடாது. ஆசிட் பக்கம் போகவே வேண்டாம். செயினுக்கு எண்ணெய் அடித்ததும் மிச்சத்தைத் துடைத்துவிட்டால் பின்வீலில் பாதி வேலை குறைந்துவிடும்.