பெயரும் பெயர்வெளியும்: எக்ஸ்.எம்.எல். மூலங்களில் தெரிவும் உருமாற்றமும்

இலக்கிய மூலங்கள் எக்ஸ்.எம்.எல். குறியீட்டிற் பதிப்பிக்கப்படும் இன்றைய நிலையில், குறியீட்டைத் தொழினுட்பவியலாளரின் கருமமென ஒதுக்கும் போக்கு ஆய்வாளரிடையே காணப்படுகின்றது. இவ்வொதுக்கம் ஆய்வு முடிவுகளையே பிழைபடச் செய்வதை ஈண்டு ஓர் எடுத்துக்காட்டினால் விளக்க முற்படுகிறோம்.

பெயர்வெளி என்பது ஒரு முகவரியால் அடையாளங் காட்டப்படும் பெயர்த்தொகுதியாகும். ரி.ஈ.ஐ. எனப்படும் உரைக் குறியாக்க நெறிகளின் நான்காம் பதிப்பில் (2002) அது இருக்கவில்லை. ஐந்தாம் பதிப்பு (2007) தன் உறுப்புகளைத் தனக்குரிய பெயர்வெளியொன்றினுள் அமைத்தது. செய்யுளடியைச் சுட்டும் ‘எல்’ என்னும் உறுப்பு இரண்டிலும் உண்டு. கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. ஆயின், உறுப்புகளைத் தெரிந்தெடுக்கும் எக்ஸ்பாத் 1.0 மொழியின் (1999) விதிப்படி, முன்னொட்டற்ற பெயர் எப்பெயர்வெளியையும் சாராத உறுப்பையே குறிக்கும். ஆவணம் இயல்நிலைப் பெயர்வெளியை அறிவித்திருப்பினும் அவ்வறிவிப்புத் தெரிவுக்கோவையைச் சாராது.

எனவே, பழைய கட்டளையைக் கொண்டு புதிய பதிப்பின் அடிகளை எண்ணின் விடை பூச்சியமாகும். வழு எதுவும் அறிவிக்கப்படுவதில்லை. உருமாற்றத்திலோ, பொருந்தும் வார்ப்புரு இல்லாதவிடத்து எக்ஸ்.எஸ்.எல்.ரி.யின் உள்ளமைந்த விதிகள் செயற்பட்டு எழுத்துக்களை மட்டும் வெளியிடும். இணையப் பக்கமாக வெளிப்படும்போது செய்யுள் அடிப்பகுப்பிழந்து உரைநடைபோலாகிவிடும்.

இதற்குப் பரிகாரமாகச் சிலர் பெயர்வெளியைப் புறக்கணித்துப் பெயரை மட்டும் ஒப்பிடுவர். சொல்லை அதன் சமுதாயச் சூழலினின்றும் பிரித்து நோக்கும் உருவவாதத்தின் குறைபாடே இது. ‘ரைட்டில்’ என்னும் உறுப்பு ரி.ஈ.ஐ.யில் நூற்பெயரையும், எஸ்.வி.ஜி. வரைபடத்திற் படப்பெயரையும் சுட்டும். இரண்டும் ஓராவணத்தில் அமையுமிடத்து, நூற்பட்டியலிற் படப்பெயர்களும் புகுந்துவிடும்.

உருமாற்றத் தாளில் அதே முகவரிக்கு ஒரு முன்னொட்டை அறிவித்து, தெரிவுக்கோவையின் உறுப்புப் பெயர்தோறும் அதனை இடுதலே தக்க முறை. ஆவணம் எம்முன்னொட்டைக் கையாள்கிறது என்பது பொருட்டன்று. முகவரி ஒன்றாயிருத்தலே வேண்டும். எக்ஸ்.எஸ்.எல்.ரி. 2.0 (2007), முன்னொட்டற்ற பெயர்களுக்கும் பெயர்வெளியொன்றை விதிக்க வழிசெய்தது.

மொழிக்குறி சமுதாய உறவிற் பிறப்பது என 1929இல் வொலொஷினொவ் வாதித்தார். குறியீட்டுப் பெயருக்கும் அது பொருந்தும். பெயர் தன்னளவிற் பொருளுடையதன்று. அதனை வழங்குவோரின் உடன்பாடே அதற்குப் பொருள் தருகின்றது. ஆதலின், பூச்சியம் என்னும் விடையை ‘மூலத்தில் இல்லை’ எனக் கொள்ளுமுன், எவ்வெளியில் நின்று வினவினோம் என்பதை ஆராய்தல் எமது கடனாகும்.