முன்னிலை ஒருமை

ரூ.1,200 கொடுத்துப் போட்டுக்கொண்ட ஜெல் நகப்பூச்சு ஐந்தாம் நாள் உரிந்துவிட்டது. சிதம்பரத்தில் வகுப்பெடுத்துக்கொண்டிருந்தேன். முதல் பெஞ்ச் மாணவி, "என்ன மேடம், பல்லி தோல் உரிச்ச மாதிரி இருக்கு" என்றாள். வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். உள்ளுக்குள் கோபம்.

நாற்பது வயது தாண்டும்வரை என் நகங்களுக்கு மருதாணியைத் தவிர வேறு அலங்காரம் தெரியாது. தங்கை மகள் கல்யாணத்துக்காகத்தான் கடலூரில் ஒரு நக அலங்காரக் கடைக்குப் போனேன். நுழைந்ததும் ஒரு நெடி. எங்கோ பழகிய நெடிபோல இருந்தது. சிதம்பரம் பேருந்தில் தினம் போகிறவர்களுக்குத் தெரியும், குடிகாடு வந்தால் ஜன்னலைச் சாத்துவோம். சிப்காட் காற்று. 2004இல் அந்தப் பகுதி மக்களே வாளிக் கருவியால் காற்றைப் பிடித்து ஆய்வுக்கு அனுப்பினார்கள். அவர்கள் மூக்கு சொன்னதை அதிகாரிகள் நம்பத் தயாராக இல்லை. பேருந்தில் ஐந்து நிமிடம் மூச்சைப் பிடித்துக்கொள்ளலாம். இந்தக் கடையில் காலை பத்து மணிமுதல் இரவுவரை உட்கார்ந்திருக்கும் பெண் எப்படிப் பிடித்துக்கொள்வாள்? அன்று எனக்கு இது தோன்றவில்லை. நிறம் தேர்ந்தெடுக்கும் மும்முரத்தில் இருந்தேன்.

சனிக்கிழமை சண்டைக்குப் போனேன். கடை உரிமையாளர் ஒரு பெண்மணி. என் வயதுதான் இருக்கும். "நீங்க நல்லா செய்வீங்கன்னு சொன்னாங்க, நம்பி வந்தேன்" என்றேன். பிறகு வேலை செய்த பெண்ணிடம் திரும்பினேன். "நீ என்ன பண்ண? நகத்தை ஒழுங்கா தேய்ச்சியா, இல்லையா?"

"சும்மாவே திரும்பப் போட்டுத் தரச் சொல்றேன் மேடம். அவ சம்பளத்துல புடிச்சுக்கறேன்" என்றார் உரிமையாளர். எனக்கு நியாயம் கிடைத்துவிட்டது. உட்கார்ந்தேன்.

அந்தப் பெண் என் கையை எடுத்துத் தன் கையில் வைத்துக்கொண்டாள். அப்போதுதான் அவள் விரல்களைப் பார்த்தேன். நுனித்தோல் வெடித்திருந்தது. நகங்கள் ஒட்ட வெட்டப்பட்டிருந்தன. "நீ ஏன் போட்டுக்கல?" என்று கேட்டேன். "கை அரிக்குதுக்கா. டாக்டர் வேணாம்னுட்டாரு." ஜெல்லிலும் அக்ரிலிக்கிலும் உள்ள அக்ரிலேட் வகை வேதிப்பொருள்கள் இப்படி ஒவ்வாமை தரும். ஒருமுறை வந்தால் பெரும்பாலும் ஆயுளுக்கும் விடாது. பிற்காலத்தில் பல் அடைக்கும் பொருள்கூட ஒத்துக்கொள்ளாமல் போகலாம். அவளுக்கு இருபது வயதுக்கு மேல் இருக்காது.

நகக் கடைகளைப் பற்றி எழுதப்படாமல் இல்லை. நியூயார்க்கின் கொரியப் பெண்கள் நடத்தும் கடைகளைப் பற்றி மிலியன் காங் 2010இல் ஒரு நூலே எழுதினார். வாடிக்கையாளரின் உடலைத் தொட்டு, அவர் மனத்தையும் குளிர்விக்க வேண்டிய வேலையை அவர் உடல்சார் உழைப்பு என்றார். 2015இல் நியூயார்க் டைம்ஸ் அந்நகரக் கடைகளின் கூலியையும் நோயையும் எழுதியபின் மாநில ஆளுநர் அவசர நடவடிக்கைகளை அறிவித்தார். இதையெல்லாம் நான் படித்திருக்கிறேன், வகுப்பில் பேசியும் இருக்கிறேன். படித்தது எதுவும் என் வாயில் வந்த 'நீ'யைத் தடுக்கவில்லை.

நகம் வெட்டும் வேலையை நம் ஊர்கள் யார் தலையில் கட்டின? நாவிதர் சமூகத்தின் தலையில். என் பாட்டனார், தன்னைவிட மூத்த ஒருவரைத் திண்ணையோரம் உட்காரவைத்து, 'வாடா, வெட்டுடா' என்றுதான் நகம் வெட்டிக்கொண்டார். கூலி, களத்து நெல். அவர் மனைவிதான் எங்கள் வீட்டுப் பிரசவங்களைப் பார்த்தவர். தொப்புள்கொடி அறுத்த அந்த மருத்துவச்சியும் எங்களுக்கு 'வாடி'தான். கடைப் பெண் என்ன சாதி என்று எனக்குத் தெரியாது. தெரியாமலே ஒருமை வந்துவிட்டது. தொழில் குளிர்சாதன அறைக்குள் போய்விட்டது. கூப்பிடும் முறை மட்டும் திண்ணையிலேயே நிற்கிறது.

"சின்னப் பொண்ணு, அன்பா சொன்னதுதானே" என்றாள் தோழி. என் மாணவிகளையும் 'நீ' என்கிறேன். மதிப்பெண் குறைந்தால் அவர்கள் விடைத்தாளோடு வந்து என்னிடம் சண்டை போடுவார்கள். இவள் என்னிடம் சண்டை போட முடியுமா? திருப்பிப் பேச முடிந்தவளிடம்தான் 'நீ' அன்பாகும்.

பொருநராற்றுப்படை பாடினியைக் கூந்தல் தொடங்கி அடிவரை வருணிக்கிறது. அவள் உகிருக்குக் கிளியின் வாய் உவமை. பல ஆண்டுகள் அந்த உவமையை ரசித்துப் பாடம் நடத்தியிருக்கிறேன். அந்த உகிரைத் திருத்தியது யார் கை என்று ஒருநாளும் வகுப்பில் கேட்டதில்லை. தொல்காப்பியம் சொல்வதும் நினைவுக்கு வருகிறது: ஒருவரைப் பன்மையால் உயர்த்திச் சொல்வது வழக்கில் வந்தது, இலக்கண நெறியில் வந்ததன்று. சங்கப் புலவர்கள் வேந்தனையே 'நீ' என்றார்கள். மரியாதையை வழக்குதான் உண்டாக்கியது என்றால், யாருக்குக் கொடுப்பது, யாருக்கு மறுப்பது என்பதும் நம் வாயில்தான் இருக்கிறது. இலக்கணத்தின்மேல் பழி போட முடியாது.

வேலை முடிந்தது. இந்த முறை நேர்த்தியாக வந்திருந்தது. உரிமையாளரிடம், "சம்பளத்துல புடிக்காதீங்க, பாத்திரம் தேய்க்கிற கை என்னோடது" என்றேன். "சரிங்க மேடம்" என்றார். பிடித்தாரா என்று போய்க் கேட்கும் துணிவு எனக்கு இன்றுவரை வரவில்லை.

செருப்பை மாட்டும்போது அந்தப் பெண் கண்ணாடிக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நீங்க வீட்டுக்கு எப்படிப் போவீங்க?" என்று கேட்டேன்.

யாரைக் கேட்கிறேன் என்று அவள் திரும்பிப் பின்னால் பார்த்தாள்.