கண்ணிமை முடியும் ஒரு பள்ளிக்கூடமும்

1940 செப்டம்பர் 13. பிரிட்டிஷ் அரச குடும்பம் பற்றிய புத்தகமோ ஆவணப்படமோ, எதை எடுத்தாலும் இந்த நாள் ஒரே மாதிரிதான் வரும். ஆறாம் ஜார்ஜின் கண்ணில் விழுந்த இமை முடியை ராணி எலிசபெத் (2022-ல் மறைந்த ராணியின் அம்மா) எடுத்துக்கொண்டிருக்கிறார். விமானச் சத்தம். பக்கிங்ஹாம் அரண்மனை முற்றத்தில் குண்டு விழுகிறது, தேவாலயம் நொறுங்குகிறது. இனிமேல் கிழக்கு லண்டனை முகத்துக்கு நேரே பார்க்க முடியும் என்று ராணி சொல்கிறார். அவ்வளவுதான், பின்னணி இசை ஏறிவிடும்.

அவர்களுடைய தைரியத்தில் எனக்குச் சந்தேகமே இல்லை. இளவரசிகளைக் கனடாவுக்கு அனுப்பிவிடலாம் என்ற யோசனையை ஏற்கவில்லை. இரவில் வின்ட்ஸரில் தூங்கினாலும் பகலில் லண்டனுக்கு வந்துவிடுவார்கள். அன்றைக்கு எவ்வளவு அருகில் தப்பினார்கள் என்பது அப்போது தனக்கே தெரியாது என்று சர்ச்சில் பிற்பாடு எழுதினார். ஆக, விளம்பரத்துக்காகச் செய்தது என்று தள்ளிவிட முடியாது.

என் புகார் கதை சொல்கிறவர்கள் மேல்தான். "இனிமேல் பார்க்க முடியும்" என்றால், அதுவரை ஏன் முடியவில்லை? இதை யாரும் கேட்பதில்லை. செப்டம்பர் 7-லிருந்து துறைமுகத்தை ஒட்டிய ஏழைக் குடியிருப்புகள்தான் அதிகம் அடி வாங்கின. மேற்கே வசதியான ஓட்டல்களின் அடித்தளத்தில் பத்திரமான பதுங்கிடம் இருந்தது. 14-ஆம் தேதி இரவு, கம்யூனிஸ்ட் கட்சிக்காரர் ஃபில் பிராட்டின் தலைமையில் கிழக்கு லண்டன் மக்கள் சவாய் ஓட்டலுக்குள் புகுந்து இடம் கேட்டார்கள். மன்னரும் ராணியும் இடிபாடுகளைப் பார்க்கப் போனபோது கூச்சல் போட்டார்களாம் என்று ஹரோல்ட் நிகல்சன் 17-ஆம் தேதி டைரியில் எழுதுகிறார். அவர் தகவல் அமைச்சகத்திலேயே இருந்தவர்! இந்தப் பின்னணியில் படித்தால் ராணியின் வாக்கியத்தில் வீரத்தைவிட நிம்மதிதான் எனக்குக் கேட்கிறது.

இதைவிட உறுத்துவது இன்னொன்று. இமை முடி விவரம் எங்கிருந்து வந்தது? அன்றே ராணி தன் மாமியார் மேரிக்கு எழுதிய கடிதத்திலிருந்து. வில்லியம் ஷாக்ராஸ் 2009-ல் வெளியிட்ட அதிகாரபூர்வ வாழ்க்கை வரலாற்றில் அது இருக்கிறது. ஆனால் கடிதம் இமை முடியோடு முடியவில்லைங்க. அன்று மதியம் அவர்கள் கிழக்கு லண்டன் போனார்கள். ஆளில்லாத ஒரு சின்னத் தெரு, செத்துப்போன ஊர் மாதிரி. உடைந்த ஜன்னல் வழியாகக் கட்டில்களும் போட்டோக்களும் விட்டது விட்டபடி தெரிகின்றன. தெருக்கோடியில் ஒரு பள்ளிக்கூடம். வெளியேற்றத்துக்காகக் காத்திருந்த 500 பேர் மேல் இடிந்து விழுந்தது, சுமார் 200 பேர் இன்னும் அடியில் இருக்கிறார்கள் என்று எழுதுகிறார்.

இது கேனிங் டவுனின் சவுத் ஹால்ஸ்வில் பள்ளியோடுதான் பொருந்துகிறது. 10-ஆம் தேதி அதிகாலை குண்டு விழுந்த இடம். அவர்களை ஏற்றிப்போக வேண்டிய பஸ்கள் வந்து சேரவே இல்லை. அரசு சொன்ன சாவுக் கணக்கு 80-க்கும் குறைவு. அந்தப் பகுதி மக்கள் அதை நம்பவே இல்லை. பல நூறு பேர் என்றுதான் சொல்லிவந்தார்கள்.

ராணி ஒன்றும் விசாரணை அதிகாரி இல்லை, அங்கே இருந்தவர்கள் சொன்னதைத்தான் எழுதியிருப்பார். இருந்தாலும் இடிபாட்டை நேரில் பார்த்துவிட்டு வந்து, அன்றே, குடும்பத்துக்குள் எழுதிய எண் அது. இமை முடிக்கு இந்தக் கடிதத்தைச் சாட்சியாக எடுத்துக்கொள்கிறவர்கள், சில பத்திகள் தள்ளியிருக்கும் 200-ஐ மட்டும் ஏன் தாண்டிப் போகிறார்கள்?