பீருக்கு ஒரு குறிப்பேடு

கோப்பையில் ஊற்றிய பீரின் மணம் முதல் சில நிமிடங்களில்தான் முழுதாக இருக்கும். நுரை அடங்க அடங்க ஹாப் பூவின் எண்ணெய் வாசனை காற்றோடு போய்விடும். மூக்கும் அந்த மணத்துக்குப் பழகி, அது இருப்பதையே மறந்துவிடும். அதனால்தான் கிராஃப்ட் பீரைச் சுவைத்துக் குறிப்பெழுதுபவர்கள் முதல் மிடறுக்கு முன்பே பேனாவைக் கையில் எடுக்கிறார்கள்.

ஆலை, பீரின் பெயர், வகை, ஆல்கஹால் அளவு ஆகியவை லேபிளிலேயே கிடைத்துவிடும். பாட்டிலில் அடைத்த தேதியும் குடித்த தேதியும்தான் தவறாமல் எழுத வேண்டியவை. ஹாப் மணத்துக்காகவே குடிக்கப்படும் ஐபிஏ போன்ற வகைகள் சில மாதங்களிலேயே மங்கிவிடுகின்றன. தேதி இல்லாத குறிப்பில் ஆலையின் குறையும் அலமாரியில் கிடந்த காலத்தின் குறையும் பிரித்தறிய முடியாமல் கலந்துவிடும். பாட்டிலின் நிறத்தையும் எழுதி வைக்கலாம். வெளிச்சம் பட்டால் ஹாப்பின் கசப்புப் பொருள் சிதைந்து நாறும் கந்தகச் சேர்மமாக மாறுகிறது. பழுப்புக் கண்ணாடி அதைப் பெரிதும் தடுக்கும். பச்சைக் கண்ணாடியால் அவ்வளவு தடுக்க முடியாது. பரிமாறிய குளிர்ச்சியையும் விட்டுவிடக் கூடாது. 4 டிகிரி செல்சியஸில் ஊமையாக இருக்கும் ஸ்டவுட் என்ற கரும்பீர், 12 டிகிரியில் காப்பியும் கருகிய சர்க்கரையுமாக வாய் திறக்கும்.

தோற்றத்துக்கு ஓரிரு வரிகள் போதும்: நிறம், தெளிவு, நுரை. ஒவ்வொரு மிடறுக்கும் கண்ணாடியின் உட்புறத்தில் நுரை ஒரு வளையமாகப் படிந்து நிற்பது நல்ல அறிகுறி. நுரை உடனே அமுங்கினால் பீரைக் குறை சொல்லும் முன் கோப்பையைச் சந்தேகிக்க வேண்டும். துளி எண்ணெய்ப்பசை இருந்தாலும் நுரை நிற்காது.

குறிப்பேட்டின் உயிர் மணத்தில்தான் இருக்கிறது. அதற்குப் பொதுவான சொற்களை வகுக்க முனைந்தவர்களில் முதன்மையானவர் டென்மார்க்கில் பிறந்த வேதியியலாளர் மார்ட்டன் மைல்கார்ட். 1970களில் அவர் உருவாக்கிய சுவைச் சக்கரம் பீரில் உணரக்கூடியவற்றை 14 வகுப்புகளாகவும் 122 சொற்களாகவும் பிரித்தது. வெண்ணெய் வாசனை என்றால் டைஅசிட்டைல், வேகவைத்த மக்காச்சோளம் என்றால் டைமெத்தில் சல்பைடு, நனைந்த அட்டை என்றால் ஆக்சிஜன் பட்டுப் பழசான பீர் என்று ஒவ்வொரு மணமும் ஒரு காரணத்தைக் காட்டும். ஆனால் சக்கரத்திலிருந்து சொல்லைப் பொறுக்கி எழுதுவது ரசனையாகாது. தெற்கு ஜெர்மனியின் ஹெஃபெவைசன் கோதுமை பீரில் வாழைப்பழமும் கிராம்பும் மணக்கும். இரண்டில் எதையும் அதில் சேர்ப்பதில்லை. ஈஸ்ட் நொதிக்கும்போதே உண்டாக்கும் மணங்கள் அவை. ஆங்கிலக் குறிப்புகளில் ‘வாழைப்பழம்’ என்ற ஒற்றைச் சொல்லோடு அது முடிந்துவிடும். பூவனையும் ரஸ்தாளியையும் கண்ணை மூடிக்கொண்டே பிரித்தறிகிற ஒருவர் அங்கே நிறுத்திக்கொள்ள வேண்டியதில்லை. பெல்ஜியத்தின் ஹூகார்டன் ஊரில் 1960களில் பியேர் செலிஸ் மீட்டெடுத்த விட்பியர் வகையில் ஆரஞ்சுத் தோலோடு மல்லி விதையையே இடித்துப் போடுகிறார்கள். அது பச்சையாக மணக்கிறதா, வறுத்ததுபோல மணக்கிறதா என்பதைத் தமிழ்ச் சமையலறையில் வளர்ந்த மூக்கு எளிதாகச் சொல்லிவிடும். எழுதுபவரின் நினைவிலிருந்து வரும் சொல்லே பல மாதம் கழித்துப் படிக்கும்போதும் அந்த மணத்தை எழுப்பித் தரும்.

நாவுக்கு வரும்போது வரிசை முக்கியம்: முதலில் படுவது, நடுவில் விரிவது, விழுங்கிய பின் தங்குவது. கசப்பை, அதன் அளவாக லேபிளில் உள்ள ஐபியு எண்ணை வைத்து எழுதிவிடக் கூடாது. 40 ஐபியு உள்ள பில்ஸ்னர், மால்ட்டின் (முளைகட்டிய தானியத்தின்) இனிப்பு கனத்த 60 ஐபியு ஸ்டவுட்டைவிடக் கசப்பாகத் தோன்றலாம். கசப்பு எங்கே பிடிக்கிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது, அடுத்த மிடறைக் கேட்கிறதா, வாயை உலர்த்திவிடுகிறதா என்பவையே எழுதத் தக்கவை.

மதிப்பெண் போடும் வழக்கம் போட்டிகளிலிருந்து வந்தது. அமெரிக்காவில் 1985இல் தொடங்கிய பீர் நடுவர் சான்றளிப்புத் திட்டம் 50 மதிப்பெண்களைப் பங்கிடுகிறது: மணத்துக்கு 12, தோற்றத்துக்கு 3, சுவைக்கு 20, வாயுணர்வுக்கு 5, மொத்த மதிப்பீட்டுக்கு 10. எதற்கு எவ்வளவு கவனம் தர வேண்டும் என்பதற்கு இது நல்ல வழிகாட்டி. தனிக் குறிப்பேட்டில் எண்ணுக்கு அதற்கு மேல் வேலை இல்லை. ‘38’ என்ற எண்ணைப் பார்த்து யாராலும் ஒரு பீரை நினைவுகூர முடியாது.

குறிப்பேட்டின் முழுப் பயன் ஒரே பீரை மறுபடி குடிக்கும்போதுதான் தெரியும். அதற்கு ஓர்வால் போலப் பொருத்தமான பீர் அரிது. தெற்கு பெல்ஜியத்தின் ஓர்வால் மடாலயத்துக்குள் 1931இல் அமைந்த ஆலையில் அது வடிக்கப்படுகிறது. பாட்டிலில் அடைக்கும் முன் பிரெட்டனோமைசிஸ் என்ற காட்டு ஈஸ்ட்டைச் சேர்ப்பதால் மூடிக்குள்ளும் பீர் மாறிக்கொண்டே இருக்கிறது. அடைத்த தேதி லேபிளிலேயே உண்டு. புதிய பாட்டிலில் ஹாப்பின் பசுமையும் துலக்கமான கசப்பும் முன்னால் நிற்கும். ஆறு மாதத்தில் ஹாப் பின்வாங்கி, தோலும் தொழுவத்து வைக்கோலும் கலந்த வாசனை எழும். ஓராண்டில் எஞ்சிய இனிப்பையும் ஈஸ்ட் தின்று தீர்த்திருக்க, பீர் நன்றாக உலர்ந்து மெலிந்திருக்கும். பெல்ஜியத்தில் இளசை விரும்புவோரும் முதிர்ந்ததை விரும்புவோரும் தனித்தனியே உண்டு.

இப்படி மறுபடி குடிக்கும்போது பழைய பக்கத்தை முதலில் புரட்டக் கூடாது. முன்பு எழுதியது மூக்கை வழிநடத்திவிடும். புதிய குறிப்பை முழுதாக எழுதி முடித்த பிறகே பழையதைத் திறந்து இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும். முரண்படும் இடங்களை அடித்துத் திருத்தாமல் அப்படியே விட வேண்டும். மாறியது பீரா, குடித்தவரின் நாவா என்பது மூன்றாவது பாட்டிலில் பெரும்பாலும் தெளிந்துவிடும்.