பரப்பும் பருமனும்

ஆண்டில் பல மாதங்கள் இருளிலும், எஞ்சிய மாதங்களில் பெரும்பாலும் மேகத்திலும் மறைந்து கிடக்கும் வடதுருவ சமுத்திரத்தில் பனி எவ்வளவு தூரம் பரந்திருக்கிறது என்று இடையறாது கணக்கெடுத்து வருவது, நம் காலத்து விஞ்ஞானத்தின் மகத்தான காரியங்களுள் ஒன்று. 1978-இல் விண்ணேறிய நிம்பஸ்-7 செயற்கைக்கோளில் தொடங்கி ஒன்றன்பின் ஒன்றாக வந்த கருவிகள் வளர்த்த இக்கணக்கு, சூரிய ஒளியை எதிர்பாராமல், பனியும் நீரும் தாமாகவே வெளியிடும் நுண்ணலைகளின் வேற்றுமையை ஆதாரமாகக் கொண்டது. ஆதலால் இரவு அதற்குத் தடையன்று, மேகமும் பெருந்தடையன்று. 1979 செப்டம்பரில் சராசரியாகச் சுமார் 70 லட்சம் சதுர கிலோமீட்டர் பரந்திருந்த பனி, 2012 செப்டம்பரில் ஏறத்தாழ அதில் பாதியாகச் சுருங்கியது என்று ஐயமின்றிச் சொல்ல முடிவது இதனால்தான்.

பிழைகள் இல்லாமலில்லை. கடலைச் சுமார் 25 கிலோமீட்டர்க் கட்டங்களாகப் பிரித்து, 15 சதவீதம் பனி இருந்தாலே கட்டம் முழுவதையும் பனிப்பரப்பில் சேர்ப்பது வழக்கம். கோடையில் பனியின்மேல் தேங்கும் உருகுநீரோ கருவிக்குத் திறந்த கடலாகவே தோன்றும். 2009-இன் தொடக்கத்தில் ஓர் உணர்கருவி மெல்ல மெல்ல நெறி பிறழ்ந்ததில் 5 லட்சம் சதுர கிலோமீட்டர் பனி கணக்கினின்று காணாமற்போயிற்று. வேறொரு செயற்கைக்கோளின் கருவி கைவசம் இருந்ததால் திருத்திக்கொள்ள முடிந்தது.

என் கவலை பருமனைப் பற்றியது. பரப்புக் குறையாமலே பனி மெலிந்துபோகக் கூடும் அல்லவா? 2010-இல் ஏவப்பட்ட ஐரோப்பாவின் கிரையோசாட்-2, ரேடார் அலை கீழே சென்று மீளும் நேரத்தைக் கொண்டு, பனி நீர்மட்டத்துக்கு மேல் எவ்வளவு தலைதூக்கி நிற்கிறது என்று காண்கிறது. ஆனால் மேலே நிற்பது மொத்தப் பருமனில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கே. ஆகவே அங்கே 3 சென்டிமீட்டர் பிசகினால் பருமனில் 30 சென்டிமீட்டர் பிசகும். போதாததற்கு, மேலே பொழிந்து கிடக்கும் பனித்தூவி தன் பாரத்தால் கடற்பனியை அழுத்துவதோடு ரேடார் அலையையும் தாமதப்படுத்துகிறது. அத்தூவியின் ஆழத்துக்கு நெடுங்காலம் பிரமாணமாக இருந்தவை, 1954 முதல் 1991 வரை, மிதக்கும் பனிப்பாளங்களின்மீது நிலையம் அமைத்து, அவை இழுத்த திசையெல்லாம் சென்ற சோவியத் ஆராய்ச்சியாளர் அளவுகோலை ஊன்றி ஊன்றி எடுத்த குறிப்புகளே. அன்று பல்லாண்டுப் பனி மிகுதி. இன்று மிகுந்திருக்கும் ஓராண்டுப் பனியோ, பருவத்தின் முதல் தூவியெல்லாம் கடலில் விழுந்து கரைந்தபின் உறைவது என்பதால், பழைய ஆழத்தைப் பாதியாக்கிக் கொள்கிறார்கள். விண்ணளவையின் அடித்தளத்தில் இத்தகைய அனுமானம் கிடப்பதை, பருமனைக் காட்டும் வண்ணப் படங்கள் நமக்குச் சொல்வதில்லை.

2013-இல் ஸ்ரீஹரிக்கோட்டாவிலிருந்து ஏவப்பட்ட இந்திய, பிரெஞ்சுக் கூட்டு முயற்சியான சரல் இதற்கு ஒரு வழி காட்டியது. அதன் குறுகிய அலை தூவியின் மேற்பரப்பையொட்டியே பெரிதும் திரும்பிவிடுகிறது. கிரையோசாட்டின் அலையோ ஆழ இறங்குகிறது. இரண்டின் வித்தியாசமே தூவியின் ஆழம். எனினும் சரலின் பாதை 81.5 பாகைக்கு வடக்கே செல்லவில்லை. ஈரமும் உப்பும் ஏறிய தூவியில் இரு அலைகளும் எதிர்பார்த்தபடி நடப்பதுமில்லை. தூவியின் பாரத்தால் கடற்பனி நீர்மட்டத்துக்கே அமிழ்ந்து, கடல்நீர் மேலேறிவிடும் தென்துருவத்தில் சங்கடம் இன்னும் அதிகம்.

இவ்விரு அலைகளையும் ஒருங்கே ஏந்தப்போகும் கிரிஸ்டல் செயற்கைக்கோளை ஐரோப்பியர் உருவாக்கி வருகிறார்கள். அது பணியேற்குமுன் முதுமையெய்திய கிரையோசாட்-2 ஓய்ந்துவிடுமாயின், இரு செயற்கைக்கோள்களின் அளவையும் ஒரே பனியின்மேல் ஒப்பிட்டுப் பார்க்க வழியிராது. அப்படி ஒப்பிடும் நாளிலும், கீழே பனியின்மீது அளவுகோலுடன் மனிதர் நின்றாக வேண்டும். செயற்கைக்கோளுக்குப் பணம் ஒதுக்கும் அரசுகள், பனியின்மீது சென்று அளந்துவரும் பயணங்களுக்கும் அதே ஏட்டில் இடம் ஒதுக்க வேண்டுமென்பது என் திடமான அபிப்பிராயம்.