அரைப்பேரும் முழுக்கூலியும்

இறைவார்த்தைச் சிந்தனை என்னும் பெயரில் தமிழ்க் கத்தோலிக்கரிடையே ஒரு தனி எழுத்துவகை வளர்ந்து நிலைபெற்றுள்ளது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இல் திருவழிபாட்டைக் குறித்து வெளியிட்ட ஏடு, விவிலியக் கருவூலத்தை இறைமக்களுக்கு இன்னும் தாராளமாகத் திறந்துவிடப் பணித்தது. அதன் விளைவாக 1969இல் புதிய வாசக ஒழுங்கு உருவாயிற்று. ஞாயிறுகளுக்கு மூன்றாண்டுச் சுற்று, வாரநாள்களுக்கு ஈராண்டுச் சுற்று. இத்தனை வாசகங்களுக்கும் விளக்கம் வேண்டியிருந்தது. மறையுரைக் குறிப்புகளும் அன்றாடச் சிந்தனை நூல்களும் பெருகின. மகிழத்தக்கதே. ஆனால் ஒன்று இலக்கிய வகையாகிவிட்டால் அது திறனாய்வுக்கும் தன்னை உட்படுத்த வேண்டும். பக்தி நூல் என்பதற்காக அதற்கு விதிவிலக்கு அளிப்பது அதை மதிப்பதாகாது.

இவ்வகை எழுத்தின் அமைப்பு வாசகர் அறிந்ததே. முதலில் வாசகத்தின் சுருக்கம். அடுத்து ஒரு சிறுகதை. அதில் ஓர் அரசரோ, ஒரு துறவியோ, வெளிநாட்டு மருத்துவர் ஒருவரோ வருவார். பிறகு ஒரு நற்பண்பு. முடிவில் "நாமும்" என்று தொடங்கும் ஒரு வாக்கியம். என் குறை முழுவதும் அந்த "நாமும்" என்ற சொல்லைப் பற்றியதுதான். அந்த "நாம்" யார்? எழுதுபவர் எந்த இருக்கையில் அமர்ந்துகொண்டு, யாரைத் தம்மோடு சேர்த்துக்கொள்கிறார்? இதைக் கேளாமலே நூற்றுக்கணக்கான பக்கங்கள் எழுதப்பட்டுவிட்டன.

மத்தேயு நற்செய்தி 20ஆம் அதிகாரத்தில் வரும் திராட்சைத் தோட்ட வேலையாள்கள் உவமையை எடுத்துக்கொள்வோம். பழைய ஒழுங்கில் தவக்காலத்துக்குச் சில வாரங்கள் முன்னே, எழுபதாம் நாள் ஞாயிறன்று இது வாசிக்கப்பட்டது. இன்று முதலாம் ஆண்டின் பொதுக்காலம் 25ஆம் ஞாயிறில் வருகிறது. பெரிய கிரகோரியார் இதற்குத் தந்த மறையுரை புகழ்பெற்றது. வேலைக்கு அழைக்கப்பட்ட வெவ்வேறு மணிவேளைகளை உலக வரலாற்றின் காலங்களாகவும், மனித வாழ்வின் பருவங்களாகவும் அவர் விரித்தார். ஆழமான விளக்கம்தான். ஆனால் அதன் நிழலில் எழுதிய பின்வந்தோர் கைகளில் கூலி முழுவதும் விண்ணகமாயிற்று; வேலையாள்கள் வெறும் ஆன்மாக்களாயினர்; எஞ்சிய பாடம் ஒன்றே, "பொறாமைப்படாதீர்கள்" என்பது.

இந்தப் பாடத்தைச் சேரங்கோட்டில் நின்று கேட்டுப் பாருங்கள்.

நீலகிரி மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில், பந்தலூர் வட்டத்தில் உள்ளது சேரங்கோடு. இங்குள்ள தோட்டக் குடும்பங்களில் பல இலங்கை மலையகத்திலிருந்து வந்தவை. 1964 அக்டோபரில் கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி 5,25,000 பேரை இந்தியா ஏற்க வேண்டும் என முடிவாயிற்று. எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் பாதி பாதியாகப் பிரித்துக்கொண்டன. மக்களை எண்களாக வகுத்த அந்தக் கணக்கைப் பற்றியே ஒரு தனிக் கட்டுரை எழுதலாம். தலைமன்னாரில் கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கியவர்களுள் ஒரு பகுதியினருக்கு வாழ்வளிக்க, தமிழ்நாடு அரசின் வனத்துறை 1968இல் தேயிலை பயிரிடத் தொடங்கியது. அதுவே பின்னர் டான்டீ என்ற அரசு நிறுவனமாக வளர்ந்தது.

இம்மக்களின் காதில் "தோட்டம்" என்ற சொல் விழும்போது அங்கே திராட்சை இல்லை. தோட்டம் என்பது அவர்கள் பிறந்த இடம், லயம் இருக்கும் இடம், விடியலில் பிரட்டுக்களத்தில் போய் நிற்க வேண்டிய இடம். உவமையில் வரும் சந்தைவெளியை அவர்களுக்கு விளக்க எந்தப் படமும் தேவையில்லை. மூத்தவர்களுக்கு இன்னொரு சொல்லும் நினைவில் உண்டு: அரைப்பேர். இலங்கைத் தோட்டங்களில் குறித்த எடைக்குக் கொழுந்து கொண்டுவராதவருக்குப் பாதி நாள் வேலையே ஏட்டில் பதியப்படும். நாள் முழுவதும் மலைச்சரிவில் நின்றாலும் பெயரில் பாதிதான். மழைநாளில் இலையின் ஈரத்துக்கென்று எடை கழிக்கும் வழக்கம் வேறு. ஒரு மணிநேரமே உழைத்தவனுக்கு ஒரு முதலாளி முழுப்பேர் போட்டார் என்ற செய்தி, இவர்களிடையே விழும் விதம் வேறு. அங்கே போய் "பொறாமைப்படாதீர்கள்" என்று மறையுரை ஆற்றுவது, அடிபட்டவனிடம் முகம் சுளிக்காதே என்று சொல்வதைப் போன்றது.

அன்பியக் கூட்டமொன்றில் இவ்வாசகத்தைப் படித்தபின், கொழுந்தெடுக்கும் அம்மா ஒருவர் கேட்டார்: "அஞ்சு மணி வரைக்கும் அவங்கள யாருமே கூப்பிடலயே, ஏன் சாமி? வயசானவங்களா, நோயாளிங்களா?" என் மேசையிலுள்ள சிந்தனை நூல்களில் இக்கேள்வியை எங்கும் காணவில்லை. பெரும்பாலானவை கடைசியில் வந்தவர்களைச் சோம்பேறிகளாகவோ, மனம் திரும்பத் தாமதித்த பாவிகளாகவோ எழுதிவிட்டுக் கடந்து செல்கின்றன. நற்செய்தியோ அவர்கள் வாயிலேயே காரணத்தை வைத்திருக்கிறது: தங்களை வேலைக்கு அமர்த்த ஒருவரும் இல்லை என்கிறார்கள். கிரேக்க மூலத்தில் அவர்களைக் குறிக்கும் "ஆர்கோஸ்" என்ற சொல்லுக்கு அடிப்படைப் பொருள் வேலையற்றவர் என்பதே. பழைய தமிழ் மொழிபெயர்ப்பிலுள்ள "சும்மா" என்ற சொல்லில் இரு பொருளும் கலந்து கிடக்கின்றன. நம் எழுத்தாளர்கள் அவற்றுள் எளியதைப் பிடித்துக்கொண்டனர். அந்தத் தாய் தம் வாழ்விலிருந்தே மூலத்தின் பொருளைத் தொட்டார்.

நாள்கூலியைப் பற்றியும் ஒரு சொல். ஒரு தெனாரியம் என்பது அக்காலத்துக் கூலியாள் ஒருவரின் ஒருநாள் ஊதியம். அதில் பாதியை வாங்கிச் செல்பவரின் வீட்டில் பாதி வயிறுதான் நிரம்பும். பொழுது சாயும்முன் கூலியைக் கொடுத்துவிட வேண்டும் என்று இணைச்சட்ட நூல் கட்டளையிடுவதும் இதனால்தான். நிலக்கிழார் மாலையில் கூலி கொடுக்கச் சொல்வது கதைக்கான அலங்காரம் அன்று. அவர் சட்டத்தைக் கடைப்பிடிக்கிறார். பிறகு சட்டத்தையும் தாண்டிச் செல்கிறார். உழைத்த மணிநேரத்தை அவர் அளக்கவில்லை. வீட்டில் காத்திருக்கும் வயிறுகளை எண்ணிப் பார்த்தார் என்றே எனக்குத் தோன்றுகிறது.

இதை வாழ்வில் நடத்திக் காட்டிய ஒருவர் கிறிஸ்தவரல்லர். இவ்வுவமையின் சொற்றொடர் ஒன்றையே தலைப்பாகக் கொண்டு ஜான் ரஸ்கின் 1860இல் பொருளியல் கட்டுரைகள் எழுதினார். 1904இல் ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து டர்பனுக்குச் சென்ற புகைவண்டியில் காந்தியடிகள் அந்நூலைப் படித்தார். இரவு முழுவதும் உறங்கவில்லை. விரைவிலேயே பீனிக்ஸ் குடியிருப்பை நிறுவினார். அங்கே நிறமும் நாடும் பாராது ஒவ்வொருவருக்கும் மாதம் மூன்று பவுன் என்று திட்டமிட்டார். "சர்வோதயம்" என்ற சொல்லும் அந்நூலுக்கு அவர் எழுதிய குஜராத்தி வடிவத்தின் பெயரே. நம் சிந்தனை நூல்கள் இவ்வுவமையை உள்ளத்துக்குள் எடுத்துச் செல்கின்றன. அவர் அதைச் சம்பளப் பேரேட்டுக்குள் எடுத்துச் சென்றார். பேரேடு வரை செல்லாத சிந்தனையை எப்படிப் "பயன்பாடு" என்று அழைப்பது?

இதற்கு நேர்மாறான விளக்கமும் உண்டு. அமெரிக்க விவிலிய அறிஞர் வில்லியம் ஹெர்சாக் 1994இல் வெளியிட்ட நூலில், இந்நிலக்கிழாரைக் கடவுளின் உருவமாகவே கொள்ளவில்லை. ஏழைகளை ஒருவருக்கொருவர் மோதவிடும் பெருநிலக்காரராகவே கண்டார். தமக்குரியதைத் தம் விருப்பப்படி செய்யத் தமக்கு உரிமை இல்லையா என்று கேட்கும் குரல், மலைத் தோட்டங்களில் கேட்டுப் பழகிய குரல்தான் என்பதை நான் மறுக்கவில்லை. ஆயினும் மத்தேயு இக்கதையை வைத்திருக்கும் இடம் அவ்விளக்கத்துக்கு இசைவாக இல்லை. இங்கேதான் நம் சிந்தனையாளர்கள் கவனியாத செய்தி இருக்கிறது.

19ஆம் அதிகாரத்தின் இறுதியில் பேதுரு ஒரு கேள்வி கேட்கிறார்: எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்த எங்களுக்கு என்ன கிடைக்கும்? அதற்குரிய மறுமொழியின் தொடர்ச்சியாகவே உவமை வருகிறது. உவமை முடிந்த சில வரிகளுக்குள் செபதேயுவின் மக்களுடைய தாய் வந்து வலப்புறமும் இடப்புறமும் இருக்கை கேட்கிறார். ஆகவே விடியலில் வந்தவர்கள் யார்? முதலில் அழைக்கப்பட்டு, அதைக் கணக்கில் வைத்திருக்கும் சீடர்கள். "பொறாமைப்படாதே" என்ற எச்சரிக்கை பேதுருவுக்குச் சொல்லப்பட்டது. அவர் வழிவந்த எங்களைப் போன்ற குருக்களுக்கும், மூன்று தலைமுறையாகக் கோயிலில் முன்வரிசை எங்களுடையது என்று கருதும் குடும்பங்களுக்கும், பங்குப்பேரவைப் பதவியை மூப்பின்படி எதிர்பார்ப்பவர்களுக்கும் சொல்லப்பட்டது. அதை அப்படியே எடுத்துக் கொழுந்துக்கூடை சுமப்பவர்மீது இறக்கிவைப்பது, பிறர் பெயருக்கு வந்த கடிதத்தை அவரிடம் கொடுப்பதாகும். வாசகத்தை வாழ்வோடு பொருத்துமுன், இது யாரை நோக்கிச் சொல்லப்பட்டது, இப்போது அந்த இடத்தில் இருப்பவர் யார் என்ற இரு கேள்விகளைக் கேட்டாலே நம் நூல்களில் பாதிப் பக்கங்கள் மாறிவிடும்.

இது ஏட்டுத் திறனாய்வு மட்டும் அன்று. 2022இல் டான்டீயின் 2,000 ஹெக்டேருக்கும் மேற்பட்ட தோட்ட நிலத்தை வனத்துறையிடமே திருப்பி ஒப்படைக்க அரசு முடிவெடுத்தபோது, ஓய்வுபெற்றவர்கள் எங்கே போவது என்ற கேள்வி இம்மலையெங்கும் எழுந்தது. தோட்ட வீடு வேலையோடு வருவது. வேலை முடிந்தால் வீடும் முடியும். நிலத்தைப் பற்றி லேவியர் நூல் 25ஆம் அதிகாரம் பேசுவதும், வந்தேறியைப் பற்றி 19ஆம் அதிகாரம் பேசுவதும் அந்த வாரங்களில் இம்மக்களுக்கு எவ்வளவு தேவைப்பட்டிருக்கும்! அந்த 25ஆம் அதிகாரப் பகுதி ஞாயிறு வாசகச் சுற்றில் இடம்பெறவே இல்லை, வாரநாளில்தான் வருகிறது. வாரநாளில் காலைத் திருப்பலி நேரத்தில் தோட்டத் தொழிலாளர் பிரட்டுக்களத்தில் இருப்பார்.

அந்த அன்பியக் கூட்டத்தில் எல்லாரும் எழுந்த பின்னும் ஒரு முதியவர் அமர்ந்தே இருந்தார். "மறுநாள் விடியக்காலையில எவன் சாமி வேலைக்கு வருவான்? எல்லாரும் அஞ்சு மணிக்குத்தானே வருவான்?" என்றார். சிரிப்பு எழுந்தது. உவமையில் மறுநாள் இல்லை என்று நான் சொன்னேன். அவர் ஒப்புக்கொள்ளவில்லை. "அந்த முதலாளி மறுநாளும் விடியலிலயே சந்தைக்கு வந்திருப்பாரு, முந்தின நாள் கூப்பிடாதவங்களத்தான் முதல்ல கூப்பிட்டிருப்பாரு" என்று அருகிலிருந்த அவர் மனைவி சொல்ல, அதன்மேல் இருவருக்கும் வாக்குவாதம் தொடங்கிற்று. யானை நடமாட்டம் இருக்கும் பாதை என்பதால் இருட்டுமுன் அனைவரையும் வீட்டுக்கு அனுப்ப வேண்டியிருந்தது.