சமூகக் கணக்காய்வும் விதந்துரைகளின் கதியும்

இந்தியாவின் 2005ஆம் ஆண்டுக் கிராமிய வேலை உறுதிச் சட்டம், தன் 17ஆம் பிரிவினால், வேலைகளின் கணக்கை ஆராயும் பொறுப்பைக் கிராம சபையிடம் ஒப்படைத்தது. இராஜஸ்தானில் 1994 முதல் உழைப்பாளர் நடத்திய பொது விசாரணைகளே இதற்கு முன்னோடி. எனினும் 2017-18 முதல் 2020-21 வரை இக்கணக்காய்வுகள் வெளிப்படுத்திய முறைகேடு ஏறத்தாழ 935 கோடி ரூபா. மீட்கப்பட்டதோ ஏறத்தாழ 12.5 கோடி மட்டுமே.

இதற்கு மக்களின் அறியாமை காரணமன்று. குற்றத்தைச் சுட்டுபவர் மக்கள்; பணத்தை மீட்க வேண்டியவரோ அக்குற்றம் நிகழ்ந்த அதே நிர்வாகத்தினர். கண்டறியும் உழைப்பை மக்களுக்கும் செயற்படுத்தும் அதிகாரத்தை அலுவலகத்துக்கும் பங்கிடுவது அரைகுறைச் சனநாயகமே. ஒவ்வொரு விதந்துரைக்கும் காலவரையறை விதித்து, மேற்கொண்ட நடவடிக்கையை அடுத்த சபையிலே பகிரங்கமாக வாசிக்கச் செய்தாலன்றி, கணக்காய்வு வெறுஞ் சடங்காகவே எஞ்சும்.